படி இல்லாத அறை

கற்பிட்டிக் கடலோரக் கண்டக்குழியில் சித்தி லெய்லா என்ற பேருள்ள மனுஷி யாரையாவது பார்த்து 'இல்லை' என்று சொல்லிக் கேட்டவர் கிடையாது. மீன் கேட்டு வந்தவர், வழி கேட்டு வந்தவர், வீடு மாறி வந்தவர் எல்லோருக்கும் அவரிடம் இருந்தது ஒரே சொல். வாங்க. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கதிரை வரும், கதிரைக்குப் பின்னால் தேத்தண்ணி வரும், தேத்தண்ணி ஆறுவதற்குள் வந்தவரின் ஊர், பேர், பிள்ளைகள், சீனி வருத்தம் எல்லாம் வெளியே வந்துவிடும். ஒருமுறை கரண்ட் மீற்றர் பார்க்க வந்த மனிதர் பகல் சோறும் தின்று, முற்றத்துக் காற்றில் ஒரு தூக்கமும் போட்டு, மீற்றரைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். மருமகள் அஸ்மியா முந்தல் ஊரில் தன் உம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் கல்யாணமாகி இந்த வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று, அந்த 'வாங்க'வைக் கேட்டதும் தன் நெஞ்சுப் படபடப்பு அடங்கியதை அவள் யாருக்கும் சொன்னதில்லை.

இப்படிப்பட்ட மனுஷி விருந்தினர் விடுதி நடத்தாமல் வேறு எதை நடத்துவார்? சண்டை ஓய்ந்து, பட்டம் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்கள் கற்பிட்டிப் பக்கம் வரத் தொடங்கிய காலத்தில், அவருடைய கணவர் இஸ்ஹாக் தன் இரண்டு படகுகளில் ஒன்றை விற்று, வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே நாலு அறைகள் கட்டினார். 'லெய்லா கபானா' என்று பலகையும் தன் கையாலேயே எழுதினார். பிறகு அவருக்குப் பாரிசவாதம் வந்தது. நாலாவது அறையில் மூன்று வருடம் படுத்திருந்து மௌத்தானார். அன்று பூட்டிய அறையை சித்தி லெய்லா திறக்கவே இல்லை. சாவி அவருடைய முந்தானை முடிச்சில் கிடந்தது. மற்ற மூன்று அறைகளும் ஆளுக்குக் காத்திருந்தன. முதலில் கொரோனா நோய்க் காலம், அடுத்து பெற்றோல் வரிசைக் காலம் என்று ஒவ்வொரு காலமாக வந்ததே தவிர ஆள் வரவில்லை.

கட்டாரில் இருந்த மூத்த மகன் ரஸாக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தான். உம்மாவுக்கு வயது அறுபத்து மூன்று ஆகிறது, வெறும் அறைகளைக் கூட்டித் துடைத்துக்கொண்டு ஏன் கிடந்து மாய வேண்டும்? கொழும்புக் கம்பனி ஒன்று பத்து வருடக் குத்தகைக்குக் கேட்கிறது. உம்மா புத்தளம் டவுனில் வசதியான வீட்டில் இருக்கலாம். இந்த டிசம்பர் லீவுக்கு அறைகள் நிறைந்தால் பார்ப்போம், நிறையாவிட்டால் ஜனவரி முதல் கிழமை கம்பனி ஆள் கடதாசியோடு வருவார் என்று அவன் சொல்லிவிட்டான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு உம்மாவின் இடுப்பு வலிதான் தெரியும், உம்மாவின் விருப்பம் தெரியாது.

போனை வைத்துவிட்டு சித்தி லெய்லா அஸ்மியாவைத்தான் பார்த்தார். "டவுன் வீட்டுல கதவ மூடித்தானே வெக்கணும் மகள்? மூடின கதவுக்குப் பின்னால நான் என்னத்தச் செய்ற?" என்றார். அவர் கண்கலங்கவில்லை. அதுதான் அஸ்மியாவுக்குத் தாங்கவில்லை.

அஸ்மியாவும் அவள் கணவன், சித்தி லெய்லாவின் இளைய மகன் லாபிரும் அதே வீட்டு முன்னறையில் எதிரெதிர் மேசைகளில் கொம்பியூட்டர் வேலை செய்தார்கள். ஊருக்கு விளங்கவைக்க முடியாத வேலை. யாராவது கூகுளில் எதையாவது தேடினால் தன் வாடிக்கையாளரின் வலைத்தளம் மேலே வந்து நிற்கும்படி செய்வது லாபிரின் தொழில். என்ன சொல் போட்டுத் தேடுகிறார்கள் என்று கண்டுபிடித்து, அந்தச் சொல்லைப் பக்கத்தில் பதிப்பான். வந்து சேர்ந்தவரின் கண்ணும் விரலும் தடுமாறாமல், தேடிவந்தது உடனே கைக்கு எட்டும்படி பக்கத்தை வடிவமைப்பது அஸ்மியாவின் தொழில். இதைக் கொழும்பில் மூன்று வருடம் படித்தாள். சித்தி லெய்லா பக்கத்து வீட்டுக்கு ஒரே வரியில் விளக்கியிருந்தார். "இவன் ஆளக் கூட்டிட்டு வருவான், இவ ஆள இருக்க வெப்பா."

அதுவரை இருவரும் வெளிநாட்டுக்காரர்களுக்குத்தான், அதுவும் தனித்தனியாக வேலை செய்தார்கள். ஒரே பக்கத்தில் இருவரும் கைவைத்தது லெய்லா கபானாவுக்குத்தான். வீட்டுக்கு வீடு வாசற்படி என்பார்கள். இந்த வீட்டு வாசற்படி அந்த வலைப்பக்கம் ஆனது.

லாபிர் எழுதிக் கொண்டுவந்ததில் 'கற்பிட்டி' என்ற சொல் நாற்பத்தொரு தடவை வந்தது. கற்பிட்டியில் கற்பிட்டிக் கடற்கரைக்கு அருகே கற்பிட்டி விடுதி தேடும் உங்களுக்கு எங்கள் கற்பிட்டி விடுதி என்று தொடங்கியது அது. அஸ்மியா அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, பேய் பிடித்த ஆளுக்கு ஓதுவது போல இருக்கிறது என்றாள். அவள் செய்த பக்கத்திலோ திரை நிறையக் கடலின் படம், அதன் நடுவே நீலத்தில் ஒரே ஒரு பொத்தான், அதில் 'வாங்க' என்ற சொல். அவ்வளவுதான். மாமியின் முழு மனதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறதென்று அவளுக்குப் பெருமை. பசித்து வந்தவனுக்கு வெறும் பீங்கானை வைத்தது போல இருக்கிறது என்றான் லாபிர். கடைசியில் மேலே அவளுடைய கடல், கீழே அவனுடைய ஓதல் என்று ஒத்துக்கொண்டு நவம்பர் முதல் கிழமையில் பக்கத்தை ஏற்றினார்கள்.

ஏற்றிய நாலாம் நாளிலிருந்து பக்கத்துக்கு ஒரு நாளைக்கு அறுபத்தாறு பேர் வந்தார்கள். லாபிருக்குக் கால் தரையில் பாவவில்லை. அதில் பாதிப்பேர் டோஹாவிலிருந்தும் குவைத்திலிருந்தும் ரியாத்திலிருந்தும் பார்க்கிறார்கள் என்று கண்டதும், அரபுப் பயணிகள் படையெடுக்கப் போகிறார்கள் என்று முடிவுகட்டி அரபிலும் ஒரு பக்கம் செய்யத் தொடங்கினான். மௌலவியிடம் போய் 'காலைச் சாப்பாட்டுடன்' என்பதற்கு அரபுச் சொல் கேட்டு வந்தான்.

ஆனால் வந்தவர்கள் தங்கவில்லை. நாலு செக்கன், அஞ்சு செக்கன், அவ்வளவுதான். வந்த காலோடு திரும்பினார்கள். யாரும் பொத்தானை அழுத்தவில்லை. ஒரே ஒருவர் மட்டும் டோஹாவில் இருந்துகொண்டு தினமும் மத்தியானம் வந்து, கடல் படத்தில் பதினொரு நிமிடம் அசையாமல் நின்றுவிட்டுப் போனார். லாபிர் அவருக்குப் 'பதினொரு நிமிச அரபி' என்று பேர் வைத்தான். பெரிய பணக்காரராக இருக்க வேண்டும், குடும்பத்தோடு வர யோசிக்கிறார் என்றான். சித்தி லெய்லா அன்று முதல் ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அந்த அரபிக்காகத் துஆ கேட்டார்.

நவம்பர் முடிந்தது. ஒரு அறைகூட நிறையவில்லை. ரஸாக் போன் எடுத்து, பக்கம் பார்த்தேன், வடிவாக இருக்கிறது, ஆள் வருகிறதா என்று கேட்டான். கம்பனி ஆள் ஜனவரி மூன்றாம் திகதி வருவதாக அவன் சொல்லி வைத்தான்.

அன்று இருவருக்கும் முட்டிக்கொண்டது. பிடித்து வைக்க எழுத்தில்லாத பக்கத்தில் யார் நிற்பார்கள் என்றான் அவன். பஸ் ஸ்டாண்டில் நின்று கத்துகிற கொண்டக்டர் மாதிரி கண்ட கண்ட ஆளையும் ஏற்றினால், ஏறினவன் இறங்கித்தான் போவான் என்றாள் அவள். அத்தோடு விட்டிருக்கலாம். அவன் விடவில்லை. "உன்ட அழகாலதான் உம்மாட வீடு போகப் போகுது" என்றான்.

அவன் சொன்னதைவிட, அது உண்மையாக இருந்துவிடுமோ என்ற பயம்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. இரண்டு நாள் அந்த வீட்டில் உப்பும் தண்ணியும் சித்தி லெய்லா வழியாகத்தான் கைமாறின. இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனுஷி, இவளுக்கு ஒரு துண்டு மீனும் அவனுக்கு ஒரு துண்டு மீனும் கூடுதலாக வைத்தார். அவருக்குத் தெரிந்த மருந்து அதுதான்.

மூன்றாம் நாள் காலையில் அஸ்மியா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எதிரே சித்தி லெய்லா மூக்குக்கண்ணாடியை மாட்டி, போனைக் கையில் எடுத்து, பிஸ்மி சொல்லி, ஒற்றை விரலால் எதையோ தொட்டார். திரையில் கடல் விரிந்தது. ஒரு பார்வை பார்த்து அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி மூடினார். பிறகு, சத்தத்தை நிறுத்திவைத்து அஸ்மியாவும் லாபிரும் திறந்தே பாராத குடும்ப வட்ஸ்அப் குழுவைத் திறந்து ஏதோ அனுப்பினார். அஸ்மியா எட்டிப் பார்த்தாள். 'போய் வந்துட்டேன்' என்று இருந்தது. அதற்கு மேலே ஜபார் சாச்சா, 'நானும் போய் வந்தேன்.' அதற்கு மேலே குவைத்திலிருக்கும் ஸக்கியா மாமி, 'நானும்.' அப்படியே மேலே மேலே ஒரு நீண்ட வரிசை.

எங்கே போய் வருகிறீர்கள் மாமி என்று அவள் கேட்டாள். சித்தி லெய்லா ஒளிக்கவில்லை. நல்ல காரியத்தை ஏன் ஒளிக்க வேண்டும்?

"ஆள் பூராத கடைக்குள்ள வேற ஆள் பூருமா மகள்? நடமாட்டம் இருந்தாத்தானே மத்தவங்களும் எட்டிப் பார்ப்பாங்க. அதான் நம்மட ஆக்களுக்கெல்லாம் சொன்னேன், ஒவ்வொரு நாளும் ஒருக்கா போய் ஒரு ஸலாம் சொல்லிட்டு வாங்கன்னு. எல்லாரும் வேலையுள்ள ஆக்கள், மெனக்கெட வேணாம், வந்த காலோட திரும்பிடுங்கன்னும் சொன்னேன்."

அஸ்மியா தேங்காயை விட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணி வந்து, அந்தத் தண்ணி எப்போது அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு முன்னறைப் பக்கம் திரும்பி, "இங்க கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டாள். இரண்டு நாளில் அவள் கணவனோடு பேசிய முதல் வார்த்தை அது.

லாபிர் வந்து கேட்டான். அவன் முகத்தில் டோஹாவும் குவைத்தும் ரியாத்தும் ஒவ்வொன்றாக அணைந்தன. அரபுப் பக்கம் வேறு பாதி முடிந்திருந்தது. அவனும் சிரித்தான், பிறகு கணக்கைப் பார்த்தான். குடும்பத்து அறுபது பேரையும் கழித்துவிட்டால், உண்மையில் தேடி வந்தவர்கள் நாளைக்கு ஆறு பேர். டிசம்பர் முடிய இன்னும் நாலு கிழமைகூட இல்லை. அன்றைக்கு நான் சொன்னது என்று அவன் ஏதோ தொடங்க, அதை விடுங்க, முதலில் அந்த ஆறு பேரைப் பார்ப்போம் என்றாள் அவள்.

அறுபது பேர் தினமும் சிரத்தையாக வந்து போகிறார்கள் என்றால், அந்தச் சிரத்தையை வீணாக்கக் கூடாது என்று அஸ்மியாவுக்குத் தோன்றியது. குழுவில் குரல் பதிவு ஒன்று போட்டாள். இனி யாரும் ஸலாம் சொல்லப் போக வேண்டாம். அதற்குப் பதிலாக ஒன்று சொல்லுங்கள், உங்கள் குடும்பத்தை இங்கே கூட்டிவர நினைத்தால் முதலில் என்னத்தைக் கேட்பீர்கள்?

கேட்டது பிழையோ என்று நினைக்கும் அளவுக்குப் பதில் வந்தது. மாலை அஸர் தொழுகைக்குள் நூற்று நாற்பது குரல் பதிவுகள். பிள்ளை அழுகிற சத்தம், குவைத் வாகனச் சத்தம், மீன் ஆணம் கொதிக்கிற சத்தம் எல்லாவற்றுக்கும் நடுவே கேள்விகள். இருவரும் பாயில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கடதாசித் துண்டில் எழுதிப் பரப்பினார்கள். குளிக்கிற தண்ணி உப்பா? தொழ இடம் இருக்கா? பிள்ளைகள் இறங்கினால் கடல் ஆழமா? கொழும்பு பஸ் எங்கே நிற்கும்?

நடுவில் ஸக்கியா மாமியின் குரல் வந்தது. "அஸ்மியா மகள், அந்த 'வாங்க' என்ற பொத்தான அமத்த எனக்குப் பயம். அமத்தினா வீட்டையே வாங்கினதா ஆயிடுமா?"

லாபிர் பதிவை நிறுத்தினான். அஸ்மியா நெற்றியில் கையை வைத்தாள். இதே பயம் பதினாலு பேருக்கு இருந்தது. ஜபார் சாச்சா, ரஸாக் வீட்டை விற்கப் போட்டுவிட்டான் என்று நினைத்து ஒரு நாள் சாப்பிடாமல்கூட இருந்தாராம். தெருவில் நிற்கிறவனுக்கு அந்தச் சொல் கடையில் வாங்குவதாகவும் கேட்கும் என்பது அஸ்மியாவுக்கு உறைக்கவேயில்லை. இந்த வீட்டுக்குள் இருந்துகொண்டு யோசித்தால் அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள்தானே உண்டு. திருப்பிச் சொல்லிக்காட்ட லாபிருக்கு நல்ல தருணம். மீசை மட்டும் சிரித்தது. அவள் அந்த இடத்திலேயே பொத்தானை 'லெய்லா உம்மாவோடு கதைக்க' என்று மாற்றி, மாமியின் போன் இலக்கத்தோடு இணைத்தாள்.

கடதாசிகளில் பெரிய குவியல் கால்களைப் பற்றியது. உம்மாவுக்கு முழங்கால் ஏலாது, படி இருக்கா? வாப்பா பொல்லு ஊன்றித்தான் நடக்கிறார், அறை எத்தனை படி ஏறணும்? முப்பத்தொரு துண்டுகள். லாபிர் எழுந்துபோய்த் தன் மேசையில் உட்கார்ந்து தேடினான். இதே கேள்வியைத் தமிழிலும் சிங்களத்திலும், இங்கிலீஷ் எழுத்தில் தமிழாகவும் நாட்டில் பலர் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆயிரக்கணக்கில் இல்லை, ஆனால் தினமும் கேட்டார்கள். பதில் சொல்ல ஒரு பக்கமும் இல்லை. கற்பிட்டி என்று நாற்பத்தொரு தடவை கத்தினாலும் பெரிய ஹோட்டல்களின் சத்தத்தில் கேட்காது. இந்தக் கேள்விக்கோ மெதுவாகச் சொன்னாலே போதும்.

கேள்வியை அவர்கள் கேட்ட மாதிரியே தலைப்பாக வைப்போம் என்றான் அவன். அதற்கு நேர் கீழே பதிலும் படமும் வரட்டும், ஏலாத உம்மாவை வைத்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்குப் பக்கம் முழுதும் தேட நேரமிருக்காது என்றாள் அவள். அவன் கேட்டது அவளுக்கும் வேண்டியிருந்தது, அவள் கேட்டது அவனுக்கும் வேண்டியிருந்தது. யாரும் விட்டுக்கொடுக்க ஒன்றுமிருக்கவில்லை.

"இது என்ட வேலையா, உன்ட வேலையா?" என்றான் லாபிர்.

"ரெண்டும் ஒரே வேலதான் போல."

கேள்வி கிடைத்தது. பதில்தான் பூட்டிக் கிடந்தது. கடல் ஏறுமென்று நாலு அறைகளையும் மூன்று மூன்று படி உயர்த்திக் கட்டியிருந்தார் இஸ்ஹாக். இப்போது படி இல்லாதது நாலாவது அறை மட்டும்தான். அவர் படுக்கையில் விழுந்த பிறகு கட்டட மேசன் அல்பேட் பாஸ் வந்து அந்தப் படிகளை மூடிச் சீமெந்தால் சரிவு போட்டார், கதவை அகலமாக்கினார், கழிப்பறைச் சுவரில் பிடிக்கக் கம்பி வைத்தார். யன்னலையும் இடித்துத் தாழ்வாக வைத்தார். படுத்திருந்தபடியே கடலைப் பார்க்க வேண்டும் என்று இஸ்ஹாக் கேட்டிருந்தார்.

மாமியிடம் கேட்க அஸ்மியாவுக்கு வாய் வரவில்லை. நாலு நாள் தள்ளிப்போட்டாள். வெள்ளிக்கிழமை பகல், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்து மெல்லச் சொன்னாள். சித்தி லெய்லாவின் கை நின்றது.

"அது அவர் இருக்கிற இடம் மகள்" என்றார்.

அஸ்மியாவுக்கு வெட்கமாகப் போனது. ஒருவருடைய துக்கத்தைப் போய்த் தலைப்பாகப் போடக் கேட்டோமே என்று தன் மீதே கோபம் வந்தது. சரி மாமி என்று சொல்லி, அவரோடு சேர்ந்து அரிசியைப் பொறுக்கி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள். அந்த யோசனையை விட்டுவிடுவோம் என்று லாபிரிடம் சொன்னபோது அவன் முகம் வெளிறியது. அவன் திங்கட்கிழமையே அதை ஏற்றிவிட்டிருந்தான், பழைய போட்டோ அல்பத்திலிருந்த சரிவின் படத்தோடு. கூகுள் கண்டுகொள்ள நாலைந்து நாள் எடுக்கும், அதற்குள் நீ கேட்டுவிடுவாய் என்று நினைத்தேன் என்றான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் எடுத்துவிடுகிறேன் என்று மேசைக்கு ஓடினான்.

அந்த நேரம் குசினியில் போன் அடித்தது.

சித்தி லெய்லா எப்போதும் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். கேட்டது ஒரு பெண் குரல். வவுனியாவிலிருந்து பேசுவதாகவும், பேர் இராஜேஸ்வரி என்றும், பள்ளிக்கூட ரீச்சர் என்றும் சொன்னார். கணவர் மகாலிங்கம் முல்லைத்தீவில் கடற்தொழில் செய்தவர். சண்டையின் கடைசி வருடத்தில் இரண்டு காலும் போய்விட்டன. பதினாலு வருடமாகக் கடல் பக்கம் போகவில்லை.

"சில்லுக்கதிரை அறைக்குள்ள போகுமோ அம்மா? உண்மையைச் சொல்லுங்கோ. கேட்டா எல்லாரும் போகும் எண்டுதான் சொல்லுவினம். போய்ப் பார்த்தா நாலு படி இருக்கும். அவர் வாசல்லயே திரும்பிப் போவம் எண்டிடுவார்."

குசினி வாசலில் நின்ற அஸ்மியா மாமியையே பார்த்தாள். சித்தி லெய்லாவின் இடது கை முந்தானை முடிச்சைப் பிடித்திருந்தது. போனில் இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று அந்த ரீச்சர் இரண்டு தடவை அலோ சொன்னார்.

"இல்ல" என்றார் சித்தி லெய்லா. "ஒரு படியும் இல்ல. கதிரையோட வாங்க."

போனை வைத்தபின் அவர் சற்று நேரம் தன் வாயைத் தானே நம்பாதவர் போல இருந்தார். பிறகு முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்து, "வாங்க புள்ளைகள்" என்று முன்னால் நடந்தார். உப்புக் காற்றில் கதவு ஊதிப்போயிருந்தது. லாபிர் தோளால் இடித்துத் திறந்தான். அவர் உள்ளே போய் முதலில் யன்னலைத் திறந்தார். கட்டிலைத் தொட்டுப் பார்த்தார். அழுதார், அழுதபடியே தும்புத்தடியால் கூட்டத் தொடங்கினார். எங்கள் வீட்டு மனிதருக்கும் ஆள் வருவது விருப்பம்தான் என்று கூட்டும்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அஸ்மியா ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

பள்ளி லீவில் அவர்கள் வந்தார்கள். வாசலிலிருந்து மணலில் சில்லு புதையாமல் இருக்க அல்பேட் பாஸ் தென்னம்பலகைகளை வரிசையாகப் போட்டிருந்தார். மகாலிங்கம் பலகை மேல் கதிரையைத் தானே தள்ளி வந்து, சரிவின் அடியில் நின்று அதை ஒருமுறை அளந்து பார்த்தார். பின்னால் வந்த மனைவியின் கையை விலக்கினார். இரண்டே தள்ளில் மேலே ஏறி உள்ளே போனார். நேராக யன்னலடிக்குப் போய்க் கதிரையைக் கடலைப் பார்க்க நிறுத்தினார். ரீச்சர் வெளியே நின்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். சித்தி லெய்லா அவருக்குக் கதிரை போட்டார்.

தேத்தண்ணி குடிக்கும்போதுதான் மகாலிங்கம் வாய் திறந்தார். "இந்த யன்னலை இவ்வளவு தாழ்வா வைச்சது ஆர்?"

எங்கள் வீட்டு மனிதர்தான், படுத்திருந்து கடல் பார்க்கக் கேட்டார் என்றார் சித்தி லெய்லா.

"கடல் தெரிஞ்ச மனிசன்" என்றார் மகாலிங்கம்.

இரண்டு நாளுக்கு வந்தவர்கள் ஐந்து நாள் இருந்தார்கள். அவர்கள் போகுமுன்னே குருநாகலிலிருந்து ஒரு முழங்கால், கண்டியிலிருந்து ஒரு இடுப்பு என்று போன் வந்தபடி இருந்தது. ஏலாதவர் நாலாவது அறைக்கு வந்தால் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மற்ற மூன்று அறைகளிலும் நிறைந்தார்கள். சித்தி லெய்லாவுக்கு இடுப்பு வலியைப் பற்றி யோசிக்க நேரமில்லாமல் போனது. ஆனாலும் கம்பனி ஆள் வருவதை ரஸாக் இன்னும் நிறுத்தவில்லை. மூன்றாம் திகதி நெருங்கியது.

டிசம்பர் முப்பதாம் திகதி லாபிர் முன்னறையிலிருந்து கூப்பிட்டான். பதினொரு நிமிச அரபி இன்று நாலாவது அறையின் படத்துக்குப் போயிருக்கிறார், திறந்த கதவும் தாழ்ந்த யன்னலும் தெரிகிற படம், ஐம்பது நிமிடம் அதிலேயே நிற்கிறார் என்றான். இருவரும் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். அடுத்த நிமிடம், பக்கத்தின் அடியில் அஸ்மியா வைத்திருந்த அறைப் பதிவுப் படிவம் ஒன்று நிரம்பி வந்து விழுந்தது. அஸ்மியா வாசிக்கத் தொடங்கி, பேரைக் கண்டதும் நிறுத்தினாள். பிறகு படிவத்தோடு மாமியிடம் போனாள்.

ஊர், டோஹா. ஆட்கள், ஒருவர். அறை, படி இல்லாதது. நாட்கள், நோன்புப் பெருநாளுக்கு முன்னும் பின்னும் பத்து நாள். 'நீங்கள் கேட்க விரும்புவது' என்று அஸ்மியா வைத்திருந்த பெட்டியில் இப்படி இருந்தது. "உம்மா, வாப்பாட ரூம் திறந்திருக்கிறதப் பார்த்தேன். கம்பனி ஆள வர வேணாம்னு சொல்லிட்டேன். பெருநாளுக்கு எனக்கு இடம் இருக்கா? ரஸாக்."

சித்தி லெய்லா அதை இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னார். அஸ்மியா மெல்ல விளக்கினாள். வேலைத்தலத்தின் மத்தியான இடைவேளையில் தினமும் பதினொரு நிமிடம் அந்தக் கடல் படத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தது ரஸாக் நாநாதான். வந்த காலோடு திரும்பச் சொல்லியும் திரும்பாத ஒரே ஆள்.

"அப்ப நான் துஆ கேட்டதெல்லாம் என்ட புள்ளைக்குத்தானா" என்றார் அவர்.

லாபிர் தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைச் சொன்னான். பெருநாள் கிழமைக்கு நாலாவது அறையைக் குருநாகல்காரர் எடுத்துவிட்டார்கள், மற்ற மூன்றும் அவர்கள் குடும்பத்துக்கே. நாநாவுக்கு என்ன எழுதுவது?

சித்தி லெய்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். இந்தத் தடவை அவருக்கு யோசிக்கத் தேவைப்படவில்லை.

"ரூம் இல்ல மகன். வீடு இருக்கு, வா." அப்படியே போடு மகள் என்றார்.

அஸ்மியா அப்படியே போட்டு அனுப்பினாள்.